1/8 நைட்ரோ பக்கி பந்தயத்துக்கு எந்த இன்ஜின்? ஒப்பிட்டு, ஓட்டிப் பார்த்து, தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

1/8 பக்கி என்பது ரிமோட்டில் ஓட்டும், நிஜக் காரின் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மண் டிராக் பந்தயக் கார்; அதன் நைட்ரோ இன்ஜின் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும். இரண்டு நைட்ரோ இன்ஜின் பெட்டிகளைப் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது குதிரைத்திறன் எண்தான். ஒன்றில் 2.5 என்றும் இன்னொன்றில் 2.7 என்றும் போட்டிருக்கும். வாங்குபவர் பெரிய எண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பக்கி பந்தயத்தில் இதைவிடத் தவறான அளவுகோல் இல்லை. அந்த எண் 30,000 ஆர்பிஎம்முக்கு மேலே, முழு த்ராட்டிலில், சோதனைமேடையில் கிடைப்பது. மண் டிராக்கில் ஒரு சுற்றின் பெரும்பகுதியை நீங்கள் பாதி த்ராட்டிலுக்குக் கீழேதான் ஓட்டுகிறீர்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது சக்தி எப்படி வந்து சேர்கிறது, ஒரு டேங்க் எத்தனை நிமிடம் தாங்குகிறது, முதல் நிமிடத்தில் வைத்த டியூன் (எரிபொருள்-காற்றுக் கலவை அமைப்பு) நாற்பதாவது நிமிடத்திலும் நிற்கிறதா: இந்த மூன்றையும் வைத்து ஒப்பிடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க இந்த மூன்றைச் சுற்றித்தான் போகும்.

படி 1: விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள்

1/8 ஆஃப் ரோடு பக்கி பிரிவில் இன்ஜின் கொள்ளளவு 3.5 சிசிக்கு மேல் போகக்கூடாது. கடைக்காரர்கள் ‘டுவென்டி ஒன்’ என்று சொல்வது இதைத்தான், 0.21 கன அங்குலம். மான்ஸ்டர் டிரக்குக்கு விற்கும் 0.28 இன்ஜினை பக்கியில் பொருத்த முடியும், ஓடவும் செய்யும். ஆனால் பந்தயத்தில் அனுமதி கிடைக்காது. வாங்குமுன் பெட்டியில் .21 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

டேங்க் 125 சிசி. உலக அமைப்பான இஃப்மாரும் ஐரோப்பிய அமைப்பான எஃப்ராவும் இந்த அளவில் எரிபொருள் குழாயையும் ஃபில்டரையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. நீளக் குழாய் போட்டு கொஞ்சம் கூடுதல் எரிபொருள் ஒளித்து வைக்கலாம் என்ற கணக்கு அங்கே நடக்காது. புகை வெளியேறும் பைப்பிலும் எஃப்ரா எண் பொறித்திருக்க வேண்டும் என்று பல போட்டிகளில் கேட்பார்கள்.

எரிபொருள் விஷயம்தான் ஒப்பீட்டை அதிகம் குழப்புவது. அமெரிக்காவில் 30 சதவீத நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள் சாதாரணம். ஐரோப்பாவில் நெடுங்காலம் 25 சதவீதத்தில் ஓட்டினார்கள். வெடிபொருள் தயாரிக்கப் பயன்படக்கூடிய ரசாயனங்கள் மீதான ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, உரிமம் இல்லாத பொதுமக்களுக்கு விற்கும் எரிபொருளில் எடைக்கணக்கில் 16 சதவீதம்தான் வரம்பு. முந்தைய விதியில் அது 30 ஆக இருந்தது. ஆகவே அமெரிக்க ஓட்டுநர் ஒருவர் ‘இந்த இன்ஜின் அட்டகாசம்’ என்று சொன்னால், அவர் எந்த எரிபொருளில் ஓட்டினார் என்று முதலில் கேளுங்கள். 30 சதவீதத்தில் இனிமையாக ஓடும் இன்ஜின், ஷிம் (சிலிண்டர் தலைக்கு அடியில் வைக்கும் மெல்லிய வளையம்) மாற்றாமல் 16 சதவீதத்தில் போட்டால் தூங்கி வழியும்.

படி 2: உங்கள் டிராக்கை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து உங்கள் டிராக்கின் நேர்ப்பாதை எவ்வளவு நீளம், மெதுவான வளைவு முடிந்ததும் உடனே தாண்ட வேண்டிய மேடு இருக்கிறதா, மண் பிடிப்பு எப்படி, இறுதிப்போட்டி எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். சிறிய, மேடுபள்ளம் நிறைந்த டிராக்கில் கீழ்ச்சுழற்சியில் மென்மையாக இழுக்கும் இன்ஜின் வேண்டும். பெரிய, விரிந்த டிராக்கில் மேல்சுழற்சியில் மூச்சு இருக்கும் இன்ஜின் வேண்டும். உலர்ந்து வழுக்கும் மண்ணில் சக்தி திடீரென்று வந்தால் பின்பக்கம் சுற்றிவிடும். அங்கே பலமான இன்ஜின் வைத்திருப்பவர்தான் அதிகம் அல்லாடுவார்.

படி 3: இன்ஜினைத் திறந்து படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இவை எல்லாமே இரண்டு ஸ்ட்ரோக் க்ளோ இன்ஜின்கள். தீப்பொறி கிடையாது. பிளக்கில் உள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள் மெத்தனாலுடன் வினைபுரிந்து தானே கனன்றுகொண்டிருக்கும். அந்தக் கனலும் அழுத்தத்தில் பிறக்கும் வெப்பமும் சேர்ந்து கலவையைப் பற்றவைக்கின்றன. அதனால் பிளக், அழுத்தம், எரிபொருள் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் பிஸ்டனும், அது ஏறியிறங்கும் உருளை உறையான ஸ்லீவும். பெரும்பாலானவை ஏபிசி வகை: அலுமினியப் பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ். பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. ஸ்லீவ் மேலே போகப் போக மிக நுண்ணிய அளவில் குறுகும். புது இன்ஜினின் ஃப்ளைவீலைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் கவ்விக்கொள்ளும். இதைத்தான் பிஞ்ச் என்கிறோம். சூடேறியதும் பித்தளை ஸ்லீவ் பிஸ்டனைவிடச் சற்று அதிகம் விரிய, அந்தக் கவ்வல் சரியான இடைவெளியாக மாறும். பிஞ்ச் போய்விட்ட இன்ஜினில் அழுத்தம் நிற்காது. பழைய இன்ஜின் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து போர்ட். ‘3 போர்ட்’, ‘5 போர்ட்’, ‘7 போர்ட்’ என்று எழுதியிருப்பார்கள். கிராங்க் அறையிலிருந்து புதிய கலவையை மேலே கொண்டுபோகும் வாயில்களின் எண்ணிக்கை அது. பொதுவாக, குறைந்த போர்ட் உள்ளவை சக்தியைச் சீராகத் தரும், எரிபொருளும் குறைவாகக் குடிக்கும். அதிக போர்ட் உள்ளவை உயர்சுழற்சியில் நன்றாக மூச்சு வாங்கும். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்ட்டின் உயரம், கோணம், திறக்கும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. 3 போர்ட்டில் ஆக்ரோஷமானவையும் உண்டு, 7 போர்ட்டில் சாதுவானவையும் உண்டு.

போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) சுலபமாகக் கிடைக்கும் எண்கள். 16.27 மிமீ விட்டமும் 16.8 மிமீ ஸ்ட்ரோக்கும் பரவலாகக் காணப்படும் அளவு. பெருக்கிப் பார்த்தால் 3.49 சிசி வரும். ஸ்ட்ரோக் இதைவிட நீண்டு விட்டம் குறைந்தால் கீழ்ச்சுழற்சி இழுவையை நோக்கிச் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிராங்க் ஷாஃப்டில்தான் விலை வித்தியாசத்தின் பெரும்பங்கு ஒளிந்திருக்கும். கலவை போகும் பாதையைச் சிலிகான் நிரப்பி வழவழப்பாக்கியிருப்பார்கள், சமநிலைக்கு டங்ஸ்டன் துண்டு பதித்திருப்பார்கள், மேலே டிஎல்சி என்ற கருப்பு நிறக் கடினப் பூச்சு கொடுத்திருப்பார்கள். சமநிலைப்படுத்திய கிராங்க் அதிர்வைக் குறைக்கும், பேரிங்கின் ஆயுளைக் கூட்டும். பின்பக்கப் பேரிங்கில் எஃகு உருண்டையா செராமிக் உருண்டையா என்பது இன்னொரு விலைப்படி. செராமிக் இலேசானது, துருப்பிடிக்காது. மெத்தனால் ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால் துரு இங்கே நிஜமான எதிரி. ஆனால் ஓட்டி முடித்ததும் எண்ணெய் விட்டுப் பாதுகாக்கும் பழக்கம் உள்ளவருக்கு எஃகுப் பேரிங்கே நெடுநாள் வரும். கையில் பணம் அளவாக இருந்தால் செராமிக்கை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் நல்ல பைப் வாங்குங்கள்.

படி 4: பைப், பிளக், வெஞ்சுரி, கிளட்ச்

பைப் இல்லாமல் இன்ஜினை மதிப்பிட முடியாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் புகைவாயிலிலிருந்து வெளியேறும் அழுத்த அலை பைப்பின் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பிப்போன புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த அலை சரியான நேரத்தில் திரும்பும் சுழற்சியில்தான் இன்ஜின் விழித்துக்கொள்கிறது. பைப்பும், அதை இன்ஜினோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டும் சேர்ந்த நீளம் கூடினால் அந்த விழிப்பு கீழ்ச்சுழற்சிக்கு இறங்கும். குறைந்தால் மேலே ஏறும். ஆகவே இழுவை போதவில்லை என்று இன்ஜினை மாற்றுமுன் நீளமான மேனிஃபோல்ட் ஒன்றை மாட்டிப் பாருங்கள். பல நேரம் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும். ஓ.எஸ். நிறுவனம் தன் ஸ்பீட் வரிசை இன்ஜின்களுடன் 2060 என்ற எண்ணுள்ள பைப்பைச் சேர்த்து விற்றது இதனால்தான்: இன்ஜினையும் பைப்பையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் இன்ஜினை இன்னொரு நிறுவனத்தின் பைப்போடு மாட்டிவிட்டு ‘இது மந்தம்’ என்று சொல்வது அந்த இன்ஜினுக்குச் செய்யும் அநியாயம்.

பிளக் டர்போ வகையா சாதாரண வகையா என்று பாருங்கள். பந்தய இன்ஜின்களில் பெரும்பாலும் டர்போ. அடியில் கூம்பாக இருக்கும், வாஷர் கிடையாது, எரியறையோடு வழவழப்பாகப் பொருந்தும். இரண்டையும் மாற்றி மாட்ட முடியாது. பிளக்கில் வெப்பநிலை வகைகள் உண்டு. சூடான பிளக் ஐடிலை (த்ராட்டில் கொடுக்காதபோதுள்ள மெதுவான ஓட்டத்தை) சீராக வைத்து, கீழ்ச்சுழற்சியில் தடுமாறாமல் காப்பாற்றும். பக்கி ஓட்டுபவர்கள் ஓ.எஸ். பி3 பிளக்கை அவ்வளவு விரும்பியதற்குக் காரணம் இது. குளிர் பிளக் அதிக நைட்ரோ, அதிக அழுத்தம் உள்ள இடத்துக்கு.

நைட்ரோ அளவு குறைந்தால் தலைக்குக் கீழே உள்ள ஷிம்மில் ஒரு 0.1 மிமீயை எடுத்து அழுத்தத்தைக் கூட்டலாம். நைட்ரோ கூடினால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிஸ்டனுக்கும் தலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று தெரிய வேண்டுமா? மெல்லிய ஈயக்கம்பியைப் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் ஓரம் வரை நுழைத்து, ஃப்ளைவீலை மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய நுனியைக் காலிப்பரால் அளந்தால் எண் கிடைத்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே ஒருபோதும் போக வேண்டாம்.

கார்புரேட்டரின் வாயில் மாட்டும் வெஞ்சுரி வளையங்கள் 6 மிமீ, 6.5 மிமீ, 7 மிமீ என்று வரும். சிறிய வளையம் போட்டால் உச்ச வேகம் சற்றுக் குறையும். த்ராட்டில் மென்மையாகும், டேங்க் நேரமும் கூடும். கிளட்ச் ஸ்பிரிங் மெலிதாக இருந்தால் கிளட்ச் சீக்கிரம் பிடிக்கும், தடிமனாக இருந்தால் இன்ஜின் மேலே ஏறிய பிறகு பிடிக்கும். மேல்சுழற்சி இன்ஜினுக்கு மெலிந்த ஸ்பிரிங் மாட்டினால் அது வளைவிலிருந்து எழவே திணறும். இரண்டு இன்ஜின்களை ஒப்பிடும்போது கிளட்ச் ஷூ தேய்ந்த நிலையில் ஒன்றும் புது ஷூவில் ஒன்றும் ஓட்டினால் சோதனையே செல்லாது.

படி 5: தயாரிப்பாளர்கள்

ஓ.எஸ். ஜப்பானின் ஒசாகாவில் 1936இல் ஷிகேயோ ஒகாவா தொடங்கிய நிறுவனம். பக்கி பந்தயத்தில் அதன் பி21 ஸ்பீட் வரிசை ஒரு அளவுகோல் மாதிரி. டியூன் எளிது, டியூன் நிற்கும், எரிபொருள் சிக்கனம், உதிரிபாகம் பரவலாகக் கிடைக்கும். விலைதான் உறுத்தும். இத்தாலியர்களின் பாரம்பரியம் வேறு. நோவாரோஸ்ஸி, பிக்கோ, ரெட்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இந்தப் பள்ளியின் இன்ஜின்களில் மேல்சுழற்சி கூர்மையாக இருக்கும் என்பது என் மதிப்பீடு. டியூனில் கை பழகியவருக்குப் பெரிய விருந்து. கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைக் (நீடில்) கால் சுற்று தாறுமாறாகத் திருப்பும் பழக்கம் உள்ளவருக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஸ்பெயினின் அல்டிமேட், புல்லிட், தைவானின் ஆல்ஃபா ஆகியவையும் பந்தயங்களில் தவறாமல் தென்படும் பெயர்கள்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: இந்தத் தொழிலில் ஒரே ஆலையில் செய்த இன்ஜின் பல பெயர்களில், பல நிறத் தலைகளோடு விற்பனைக்கு வரும். பெயரைப் பார்த்து மயங்காமல் கிராங்க் கேஸின் வார்ப்பையும் உதிரிபாக எண்ணையும் பாருங்கள். பாதி விலையில் அதே பொருள் கிடைக்கலாம். அப்புறம், எந்த இன்ஜினாக இருந்தாலும் கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டு), பிஸ்டன்-ஸ்லீவ், பேரிங் மூன்றும் உங்கள் ஊர்க் கடையில் அல்லது நீங்கள் வழக்கமாக வரவழைக்கும் இடத்தில் கையிருப்பில் உண்டா என்று விசாரியுங்கள். உதிரிபாகம் கிடைக்காத சாம்பியன் இன்ஜினைவிட உடனே பழுது பார்க்கக்கூடிய நடுத்தர இன்ஜின் மேல்.

முதல் இன்ஜின் வாங்குபவர் கேட்டால் என் பதில் ஒன்றுதான். நடுத்தர விலையில், எஃகுப் பேரிங் உள்ள, குறைந்த போர்ட் இன்ஜினையும் அதன் தயாரிப்பாளர் பரிந்துரைத்த பைப்பையும் ஒன்றாக வாங்குங்கள். உச்ச மாடலின் கூடுதல் சக்தி, டியூன் கைவந்த பிறகுதான் நேரமாக மாறும்.

படி 6: சமமான நிலைக்குக் கொண்டுவருதல்

புது இன்ஜினை ஓடிப் பழகிய இன்ஜினோடு ஒப்பிடக் கூடாது. இரண்டையும் முதலில் பழக்க வேண்டும். குளிர்ந்த புது இன்ஜினை அப்படியே ஸ்டார்ட்டர் பெட்டியில் வைத்துச் சுற்றினால் பிஞ்ச் இருக்கும் இடத்தில் பிஸ்டன் உரசும், கான்ராடும் அடிவாங்கும். ஹேர் டிரையர் அல்லது தலையில் மாட்டும் ஹீட்டர் கொண்டு 80 முதல் 100 டிகிரி வரை சூடேற்றிவிட்டுத் தொடங்குங்கள். முதல் டேங்குகளில் ரிச் கலவையில் (எரிபொருள் கூடுதல், காற்று குறைவு), ஆனால் இன்ஜின் குளிர்ந்து போகாதபடி ஓட்ட வேண்டும். வெறுமனே பல மணி நேரம் குளிராக ஐடிலில் விடுவது பழைய பழக்கம். ஏபிசி இன்ஜினுக்கு அது நல்லதல்ல, ஏனென்றால் ஸ்லீவ் விரியாமலேயே பிஸ்டன் தேயும். ஒவ்வொரு டேங்குக்குப் பிறகும் ஃப்ளைவீலைத் திருப்பி, பிஸ்டனைக் கீழே நிறுத்திவிட்டு முழுக்க ஆறவிடுங்கள். ஒன்றரை முதல் 2 லிட்டர் எரிபொருள் போன பிறகுதான் பந்தய டியூனுக்கு வர வேண்டும். ஒப்பீடு அதன் பிறகு.

இந்தக் கட்டத்தில் பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. மெத்தனால் எரியும் தழல் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பிட்டில் (எரிபொருள் நிரப்பும் இடத்தில்) எரிபொருள் சிந்திவிட்டால் தீ இல்லை என்று நினைத்துக் கையை வைக்காதீர்கள். ஒரு வாளி தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். தோலில் பட்டால் கழுவுங்கள், கேனை இறுக மூடி வையுங்கள், குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது.

படி 7: ஓட்டிப் பார்க்கும் நாள்

ஒரே கார், ஒரே எரிபொருள், ஒரே டயர், ஒரே கியர் விகிதம், அந்தந்த இன்ஜினுக்கு உரிய பைப், இரண்டிலும் புது பிளக். முதல் இன்ஜினில் 2 டேங்க், இரண்டாவதில் 2 டேங்க், பிறகு மறுபடியும் முதல் இன்ஜினில் ஒன்று. கடைசி டேங்கை யாரும் விட்டுவிடாதீர்கள். மண் டிராக் மணிக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். ஈரம் காயும், தடம் ஆழமாகும். முதல் இன்ஜினுக்குத் திரும்பி வந்தால்தான் நேரம் குறைந்தது இரண்டாவது இன்ஜினாலா டிராக்காலா என்று தெரியும்.

டியூன் ஒவ்வொன்றுக்கும் தனியாக. முதலில் நேர்ப்பாதையில் ஹை ஸ்பீட் நீடிலைச் சரிசெய்யுங்கள். கார் முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய நீலப்புகைக் கோடு கட்டாயம் தெரிய வேண்டும். புகையே இல்லையென்றால் லீன் (எரிபொருள் குறைவு), உடனே நீடிலைத் திறக்கவும். பிறகு லோ ஸ்பீட் நீடில். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாயை விரலால் நசுக்குங்கள். சத்தம் லேசாக ஏறி, இரண்டு மூன்று விநாடியில் அணைந்தால் சரி. நசுக்கியதும் உடனே அணைந்தால் லீன். நெடுநேரம் ஓடி, சத்தம் நன்றாக எகிறி அணைந்தால் ரிச். நீடிலை ஒரு முறை திருப்பினால் கடிகாரத்தின் சிறிய முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவுக்கு மேல் போக வேண்டாம்.

அகச்சிவப்பு வெப்பமானியைப் பிளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். 100 முதல் 120 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக நிம்மதி. ஆனால் வெப்பநிலையை வைத்து டியூன் செய்யாதீர்கள். ஒவ்வொரு இன்ஜினின் தலையும் வெவ்வேறு அளவு வெப்பத்தை வெளியேற்றும். ஒன்று 105இல் உச்சத்தில் இருக்கும், இன்னொன்று 118இல். ‘இது சூடாகிறது, அதனால் மோசம்’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது. புகையும் ஒலியும் பிளக் கம்பியும் சொல்வதை முதலில் கேளுங்கள். கழற்றிப் பார்க்கும்போது கம்பி பளபளப்பாக, ஈரமாக இருந்தால் ரிச் பக்கம். மங்கிச் சாம்பல் நிறமாகி, சுருள் நெளிந்திருந்தால் லீன்.

சரி, எதையெல்லாம் எழுதி வைப்பது? மிக வேகமான ஒரு சுற்று முக்கியமில்லை. தொடர்ச்சியான 10 சுற்றுகளின் சராசரியையும், அவற்றில் மோசமான சுற்றையும் எழுதுங்கள். மெதுவான வளைவு முடிந்ததும் வரும் மேட்டை ஒவ்வொரு முறையும் தாண்ட முடிந்ததா? பிட்டில் 20 விநாடி ஐடிலில் நிறுத்திவிட்டு முழு த்ராட்டில் கொடுத்தபோது தயங்கியதா, அணைந்தே போனதா? டேங்க் கடைசிக் கால் பகுதிக்கு வந்தபோது சத்தம் கூர்மையாகி லீன் பக்கம் சாய்ந்ததா? பந்தயத்தில் ஒரு முறை இன்ஜின் அணைந்தால் உதவியாளர் ஓடிப்போய்த் தூக்கி வந்து, ஸ்டார்ட்டர் பெட்டியில் வைத்து எழுப்பி அனுப்ப அரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். சுற்றுக்குக் கால் விநாடி வேகமான இன்ஜின் அந்த இழப்பை ஈடுகட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சுற்று ஓட வேண்டும்.

வானிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். சூடான, ஈரமான, உயரமான இடத்துக் காற்றில் ஆக்சிஜன் குறைவு. நீடிலை மூட வேண்டியிருக்கும். குளிர்ந்த காற்றில் திறக்க வேண்டும். இஃப்மார் உலகப் போட்டி 2010இல் கடலோரப் பட்டாயாவிலும் 2016இல் சுமார் 600 மீட்டர் உயரத்தில் பாலைவனத்தில் இருக்கும் லாஸ் வேகாஸிலும் நடந்தது. ஒரே இன்ஜினை இந்த இரண்டு ஊரிலும் ஒரே நீடில் அமைப்பில் ஓட்டவே முடியாது. உள்ளூர்ப் பந்தயத்திலும் இதே ஆபத்து உண்டு. உச்சி வெயிலில் டியூன் செய்துவிட்டு மாலைக் குளிரில் இறுதிப்போட்டிக்குப் போனால் இன்ஜின் தானாக லீன் ஆகியிருக்கும். பிஸ்டன் கெடுவது பெரும்பாலும் அப்போதுதான். இந்த மாற்றத்தை எந்த இன்ஜின் பொறுத்துக்கொள்கிறது என்பதுதான் நான் அதிக மதிப்பெண் கொடுக்கும் குணம்.

படி 8: பிட் கணக்கு

டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். பந்தய வேகத்தில் சரியாக 5 நிமிடம் ஓட்டி உள்ளே வாருங்கள். மீதியைச் சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து பாருங்கள். 55 சிசி மீதி என்றால் 70 சிசி குடித்திருக்கிறது. நிமிடத்துக்கு 14 சிசி. 125ஐ 14ஆல் வகுத்தால் 8.9 நிமிடம். டேங்க் வற்றும்வரை ஓட்டி அளப்பதைவிட இது நல்லது; வற்றும் நேரத்தில் இன்ஜின் லீனாகிச் சூடேறும்.

இப்போது இறுதிப்போட்டியின் நீளத்தோடு சேர்த்துப் பாருங்கள். உலகப் போட்டியின் இறுதி 60 நிமிடம். 8 நிமிட டேங்க் என்றால் ஏழரை டேங்க் எரிபொருள், அதாவது 7 பிட் நிறுத்தம். 9 நிமிட டேங்க் என்றால் 6 நிறுத்தம். பத்தரை நிமிடம் போனால் 5. கவனித்தீர்களா, பயன் படிப்படியாகத்தான் வருகிறது. 9 நிமிடத்திலிருந்து ஒன்பதரைக்குப் போவதற்காகச் சக்தியைத் தியாகம் செய்தால் ஒரு நிறுத்தமும் குறையாது. உங்கள் ஊர் இறுதிப்போட்டி 45 நிமிடம் என்றால் எல்லைகள் வேறு: 8 நிமிட டேங்குக்கு 5 நிறுத்தம், ஒன்பதரைக்கு 4, அடுத்த படி பதினொன்றேகாலைத் தாண்டினால்தான். ஒவ்வொரு படிக்கும் அரை நிமிடமாவது உபரி வைத்துக் கணக்கிடுங்கள். கடைசிச் சொட்டை நம்பித் திட்டம் போட்டால், நடுவே ஒரு முறை கார் கவிழ்ந்து எழ நேரமானாலும் திட்டம் குலைந்துவிடும்.

ஆகவே இரண்டு இன்ஜின்களில் எது சிக்கனம் என்று பொதுவாகக் கேட்காமல், என் பந்தயத்தில் எது ஒரு நிறுத்தத்தைக் குறைக்கிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒரே படியில் நின்றால் வேகமானதை எடுங்கள். ஒன்று படியைத் தாண்ட அரை நிமிடம்தான் குறைகிறது என்றால் சிறிய வெஞ்சுரி வளையம் ஒன்றை மாட்டி மறுபடியும் அளந்து பாருங்கள்.

படி 9: வாங்கிய பிறகு ஆகும் செலவு

இன்ஜின் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஒரு பருவம் முழுக்க அதை ஓடவைக்க ஆகும் செலவைப் போடுங்கள். கான்ராடை 8 முதல் 10 லிட்டர் எரிபொருளுக்கு ஒரு முறை மாற்றுவது நல்ல பழக்கம். அது உடைந்தால் கிராங்க் கேஸையே துளைத்துக்கொண்டு வெளியே வரும், மிச்சமுள்ள எதுவும் தேறாது. பேரிங்கைச் சுற்றும்போது கரகரப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். பிஸ்டன்-ஸ்லீவ் ஜோடியின் ஆயுள் ஏர் ஃபில்டரின் கையில் இருக்கிறது. நுரை ஃபில்டரை ஓட்டத்துக்கு முன் கழுவி, எண்ணெய் தேய்த்து மாட்டாமல் புழுதி டிராக்கில் இறங்கினால், எந்த நாட்டு இன்ஜினாக இருந்தாலும் ஒரே நாளில் பிஞ்ச் போய்விடும்.

பழைய இன்ஜின் வாங்குவதானால் மூன்று இடங்களைப் பாருங்கள். பிளக்கை மாட்டியபடியே குளிர்ந்த நிலையில் ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, உச்சியில் தடை இருக்கிறதா என்று பாருங்கள். தலையைக் கழற்றிப் பிஸ்டன் உச்சியையும் ஸ்லீவின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடினால் புழுதி உள்ளே போயிருக்கிறது, விலையில் பிஸ்டன்-ஸ்லீவ் ஜோடியின் தொகையைக் கழித்துக் கேளுங்கள். பின்மூடியைத் திறந்து கான்ராடின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு; மேலும் கீழும் ஆட்டம் கையில் தெரிந்தால் உள்ளே புஷ் தேய்ந்துவிட்டது. விற்பவர் எத்தனை லிட்டர் ஓடியது என்று சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முடிவைக் கான்ராடின் ஆட்டத்தைப் பார்த்து எடுங்கள்.

ஓட்டி முடித்த ஒவ்வொரு நாளும் டேங்கைக் காலி செய்து, எரிபொருள் குழாயில் மிஞ்சியதும் எரிந்து தீரும்வரை இன்ஜினைத் திரும்பத் திரும்பக் கிளப்பி அணைய விடுங்கள். பிளக் துளையிலும் கார்புரேட்டர் வாயிலும் ஆஃப்டர் ரன் எண்ணெய் சில சொட்டு விட்டு, ஃப்ளைவீலைக் கையால் சில சுற்று சுற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஃபில்டரையும் பைப் வாயையும் மூடுங்கள்.